மார்ஜின் விட்ட காலமும் மெசேஜ் அனுப்பும் காலமும்

வியாபாரக் கடிதம் அடிப்பதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்த காலம் அது. 1980களின் தொடக்கத்தில் விருதுநகரில் ஒரு பருப்பு, வற்றல் கமிஷன் மண்டியில் அந்த ஆள் நான். சரக்கு வந்து சேர்ந்தால் கடிதம், வராவிட்டால் கடிதம், எடை குறைந்தால் கடிதம், பாக்கி நின்றால் கடிதம். பொழுது விடிந்து பொழுது அடையும்வரை மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். இன்று என் தம்பி மகன் அதே ஊரில் அதே சரக்கைத்தான் வாங்கி விற்கிறான். அவனிடம் டைப்பிஸ்ட் கிடையாது, லெட்டர் பேடும் கிடையாது. நாள் முழுக்கப் போனில் எழுதிக்கொண்டே இருக்கிறான். நாங்கள் ஒரு மாதத்தில் எழுதியதை அவன் ஒரு நாளில் எழுதிவிடுவான். அவ்வளவு எழுதியும், போன மாதம் யாருக்கு என்ன சொன்னோம் என்று கேட்டால் அவனால் உடனே எடுத்துக் காட்ட முடிவதில்லை.

கடிதத்தின் அமைப்பு என்பதை இப்போது பலரும் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். தேதி எங்கே வர வேண்டும், பொருள் எங்கே வர வேண்டும், கையெழுத்துக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் பழைய ஆட்களின் சம்பிரதாயம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காரணம் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

அன்று பத்தாவது முடித்த பிள்ளைகள் அடுத்துப் போய்ச் சேரும் இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். லோயர், ஹையர் என்று இரண்டு படி. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. ஊரில் எல்லாரும் இந்த வேகத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். உண்மையில் பலரும் திணறியது இரண்டாம் தாளில். அதில் ஒரு கடிதத்தையும் ஒரு ஸ்டேட்மென்டையும் கொடுத்து, தாளில் முறையாக அமைத்து அடிக்கச் சொல்வார்கள். விரல் எவ்வளவு வேகமாக ஓடினாலும், கடிதத்தைத் தாளில் எங்கே உட்கார வைப்பது என்று தெரியாவிட்டால் மார்க் போய்விடும்.

எங்கள் இன்ஸ்டிட்யூட்டில் ரெமிங்டன், ஹால்டா, கோத்ரேஜ் மூன்றும் இருந்தன. இந்தியாவில் தயாரான முதல் டைப்ரைட்டர் கோத்ரேஜ்தான், 1955-ல் வந்தது. எந்த மெஷினாக இருந்தாலும் கணக்கு ஒன்றே. பைகா எழுத்து அங்குலத்துக்குப் பத்து. வரி அங்குலத்துக்கு ஆறு. ஏ4 தாளின் அகலத்தில் 82 எழுத்து, உயரத்தில் 70 வரி. இடது மார்ஜினை 15-ல் வைப்போம், வலதை 75-ல். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் எதற்கு என்றால், கடிதம் ஃபைலுக்குப் போகும்போது பஞ்சிங் மெஷின் போடும் ஓட்டை எழுத்தின் மேல் விழக் கூடாது. இரு ஓரத்துக்கும் நடு 45. நடுவில் வர வேண்டிய தலைப்பில் 24 எழுத்து இருந்தால், 45-ல் நிறுத்தி, பேக்ஸ்பேஸை 12 முறை தட்டி, 33-ல் ஆரம்பித்தால் தலைப்பு கச்சிதமாக நடுவில் நிற்கும். தட்டும்போதே வாய்க்குள் எண்ணிக்கொள்வோம்.

உயரத்துக்கும் இதே கணக்கு. லெட்டர் ஹெட் இரண்டு அங்குலம் பிடித்தால் 12 வரி போயிற்று. அடியில் ஓர் அங்குலம் விட்டால் 6 வரி. மிச்சம் இருக்கும் 52 வரிக்குள் தேதி, பெறுநர் முகவரி, பொருள், விஷயம், கையெழுத்து எல்லாம் அடங்க வேண்டும். கடிதம் சின்னதாக இருந்தால் தேதியைக் கொஞ்சம் இறக்கி, மார்ஜினைக் கூட்டி, எழுத்து தாளின் நடுவில் நிற்கும்படி செய்வோம். பெரிதாக இருந்தால் இரண்டாம் பக்கம். இரண்டாம் பக்கத்துக்கு ஒரு விதி உண்டு: கையெழுத்து மட்டும் தனியாக அங்கே போகக் கூடாது. விஷயத்தில் இரண்டு வரியாவது கூடப் போக வேண்டும். மேலே பெறுநர் பெயர், பக்க எண், தேதி மூன்றும் இருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் உள்ள ஒரு தாளை எந்தக் கடிதத்துக்குப் பின்னாலும் கோத்துவிடலாம் அல்லவா? அந்த விதி அதற்காகத்தான்.

மண்டியில் சேர்ந்த பிறகுதான் இந்த விதிகளின் உள்ளர்த்தம் பிடிபட்டது. அங்கே பெரிய கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். நான் அடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு கடிதத்தையும் அவர் முதலில் கை நீட்டித் தள்ளிவைத்துப் பார்ப்பார். அதற்குப் பிறகுதான் படிப்பார். ஒருநாள் ஏன் அண்ணாச்சி இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “தம்பி, வாங்குறவன் கடையில நாம நிக்கப் போறதில்லை. அவனுக்கு ஒரு கேள்வி வந்தா இந்தக் கடுதாசிதான் பதில் சொல்லணும். எங்க பார்த்தா எது இருக்கும்னு அவன் கண்ணுக்குத் தெரியணும்லா?” என்றார். கடித அமைப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாக ஒரு புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

லெட்டர் ஹெட் சிவகாசியில் அச்சாகி வரும். முதல் தாள் அதுதான். அதன் கீழே கார்பன், பளபளப்பான பக்கம் கீழ் நோக்கி. அதற்கும் கீழே மெல்லிய மஞ்சள் தாள். அது ஆபீஸ் காப்பி. சில நேரம் மூன்று நான்கு காப்பி கூட எடுக்க வேண்டியிருக்கும். ஓர் எழுத்து தவறினால் சும்மா அடித்துத் திருத்த முடியாது. ஒவ்வொரு கார்பனுக்கும் முன்னால் ஒரு துண்டுத் தாளைச் செருகி, மேல் தாளை ரப்பரால் அழித்து, தூசியைப் பிரஷ்ஷால் தட்டி, அடுத்த காப்பியையும் அதேபோல் அழித்து, துண்டுத் தாள்களை எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். துண்டு வைக்காமல் அழித்தால் அழித்த அழுத்தம் கீழ்க் காப்பியில் கரியாக இறங்கிவிடும். திருத்துவது இவ்வளவு பாடாக இருந்ததால் மெஷினில் தாளை ஏற்றும் முன்பே என்ன சொல்லப் போகிறோம் என்று தீர்மானித்துவிடுவோம். முதலாளி வாயால் சொல்வார், கணக்குப்பிள்ளை நறுக்காகக் குறித்துக் கொடுப்பார், நான் அடிப்பேன். ஆங்கிலக் கடிதமாக இருந்தால் இடது ஓரத்தின் அடியில் சொன்னவரின் முதலெழுத்துகள் பெரிய எழுத்திலும் அடித்தவரின் முதலெழுத்துகள் சின்ன எழுத்திலும் வரும். தவறு நேர்ந்தால் அது யார் கையில் நேர்ந்தது என்பது அந்தக் கடிதத்திலேயே இருக்கும்.

தமிழ்க் கடிதங்களுக்கு வேறு ஒரு மரபு இருந்தது. விவசாயிகளுக்கும் சுற்று வட்டாரக் கடைக்காரர்களுக்கும் போகும் கடிதங்களைக் கணக்குப்பிள்ளை கையாலேயே எழுதுவார். மேலே பிள்ளையார் சுழி. கீழே தேதி. வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹. வரவு, பற்று இரண்டுக்கும் தனித்தனிக் குறி. பார்த்தவுடன் எது தேதி, எது தொகை, எது பழைய பாக்கி என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். நான் பழகிய தமிழ் டைப்ரைட்டரில் இந்தக் குறிகள் இல்லை. அதில் புள்ளிக்கே தனி வழி: புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், மெஷின் நகராது, பிறகு எழுத்தை அடித்தால் புள்ளி அதன் தலையில் உட்காரும். இந்த வணிகக் குறிகளுக்கு 2003-ல் யூனிகோடில் இடம் கிடைத்தது. அன்று என் மெஷினால் அடிக்க முடியாத ௵ இன்று கைப்போனில் தெரிகிறது. கணக்குப்பிள்ளை இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அரசு அலுவலகத்துக்குப் போகும் கடிதம் இன்னொரு விதம். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை. அங்கிருந்து வரும் பதிலில் ந.க.எண் என்று ஓர் எண் இருக்கும். அதன் நடுவே அ2, ஆ4 என்று ஓர் எழுத்தும் எண்ணும் வரும். அது அந்தக் கோப்பைப் பார்க்கும் இருக்கையின் அடையாளம். அடுத்த கடிதத்தில் ‘பார்வை’ என்று போட்டு அந்த எண்ணை அப்படியே எழுதினால் நம் தாள் நேரே அந்த மேஜைக்குப் போகும். எழுதாவிட்டால் தபால் பிரிவில் யார் மேஜைக்கு என்று தேடிக்கொண்டிருக்கும். ஒரு வரிதான் வித்தியாசம். மாதக்கணக்கில் அலைச்சல் மிச்சம்.

இந்த ஒழுங்கு எங்களைக் காப்பாற்றிய சம்பவம் ஒன்று உண்டு. வெளிமாநில ஆலை ஒன்றிலிருந்து துவரம் பருப்பு வந்தது. மூடைகளை எடை போட்டபோது குறைவு. அன்றைக்கே கடிதம் போனது: லாரி ரசீது எண், தேதி, மூடை எண்ணிக்கை, பில்லில் உள்ள எடை, இங்கே போட்ட எடை, வித்தியாசம், அதற்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்ற ஒரே கேள்வி. சில மாதம் கழித்து முழுப் பணமும் வேண்டும் என்று ஆலை நின்றது. எடைக் குறைவைப் பற்றி உங்களிடமிருந்து எந்தத் தகவலும் வரவில்லை என்றார்கள். கணக்குப்பிள்ளை மஞ்சள் தாள் ஃபைலை எடுத்தார். அந்தத் தேதியில் அந்த எண்ணிட்ட கடிதத்தின் நகல் இருந்தது. அவுட்வர்ட் ரிஜிஸ்டரில் அதே எண்ணுக்கு நேரே பெறுநர் பெயர் இருந்தது. தபாலில் சேர்த்ததற்கு அஞ்சலகம் முத்திரை குத்திக் கொடுத்த சர்டிபிகேட் ஆஃப் போஸ்டிங் சீட்டு அந்த நகலின் பின்னால் பின் குத்தி இருந்தது. மூன்றையும் குறிப்பிட்டு இன்னொரு கடிதம் போனது. அதற்குப் பிறகு பேச்சு சுமுகமாகிவிட்டது. வித்தியாசத்தைக் கழித்துக்கொண்டு கணக்கை முடித்தோம். அந்தச் சீட்டு முறையை அஞ்சல் துறை 2011-ல் நிறுத்திவிட்டது. தந்தியும் 2013 ஜூலையோடு போயிற்று. அவசரமென்றால் நாலு வார்த்தையில் தந்தி அடித்துவிட்டு, அதை உறுதிப்படுத்தி அன்றே முழுக் கடிதமும் தபாலில் போடுவோம். வேகத்துக்குத் தந்தி, சாட்சிக்குக் கடிதம்.

அந்தக் காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆங்கிலக் கடிதங்களில் ‘தங்கள் மிகவும் கீழ்ப்படிதலுள்ள ஊழியன்’ என்ற பொருளில் ஒரு முடிப்பு வரும். பணம் வர வேண்டியவனே பணிந்து கும்பிட்டு எழுதும் நடை அது. விஷயம் நாலாவது வரியில்தான் தலை காட்டும். ஆங்கிலம் தெரிந்த ஒரு டைப்பிஸ்ட் கிடைக்காவிட்டால் சின்னக் கடைக்காரருக்கு வங்கியோடு பேசவே வழியில்லை. அந்த நிலை மாறியது மிகப் பெரிய நன்மை. இன்று காய்கறிக் கடை வைத்திருப்பவர் தன் கையால், தன் தமிழில், வங்கிக்கு நேராக எழுத முடிகிறது.

அதற்கு நடுவே ஒரு தொல்லைக் காலமும் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தமிழ் எழுத்துரு வைத்திருந்தார்கள். இங்கே பாமினியில் அடித்த கடிதம் அங்கே அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக நிற்கும். தமிழக அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்ட பிறகு அந்தத் தொல்லை மெல்லக் குறைந்தது. இப்போது தமிழில் எழுதியது எங்கே திறந்தாலும் தமிழாகவே திறக்கிறது. இவ்வளவு வசதி கைக்கு வந்த பிறகு கடிதம் முன்னைவிடத் தெளிவாக இருக்க வேண்டும்.

ஆனால் என் தம்பி மகனின் போனில் நான் பார்ப்பது வேறு. ஒரு மில்காரர் நான்கு விஷயத்தை ஒரே மெசேஜில் கேட்டிருக்கிறார். இவன் இரண்டுக்குப் பதில் சொல்லியிருக்கிறான். மற்ற இரண்டும் அப்படியே கிடக்கின்றன. விலை ஒரு வாய்ஸ் மெசேஜில் இருக்கிறது. பேமென்ட் கெடு, நடுவில் வந்த பொங்கல் வாழ்த்துக்குக் கீழே இருக்கிறது. மின்னஞ்சலில் ‘பொருள்’ இடத்தில் ‘அவசரம்’ என்று மட்டும் இருக்கிறது. போன வருஷம் சரக்கின் தரம் பற்றி ஒரு சண்டை வந்தபோது ஒரு சாயங்காலம் முழுக்க விரலால் தள்ளித் தள்ளித் தேடினான். “பெரியப்பா, நான் அப்பவே போட்டோ போட்டுச் சொல்லிட்டேன்” என்றான். சொன்னது உண்மை. பழைய போனோடு அது போய்விட்டது.

சட்டம் இன்னும் கடிதத்தைத்தான் கேட்கிறது. செக் பணமில்லாமல் திரும்பினால் வழக்குப் போடும் முன் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989-ல் நடைமுறைக்கு வந்தபோது, செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 15 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்று இருந்தது. 2002-ல் செய்த திருத்தம் அதை 30 நாளாக்கியது. நோட்டீஸ் கைக்குக் கிடைத்த பிறகு பணம் கட்ட எதிராளிக்கு 15 நாள். இதில் ஒவ்வொரு அடியும் தேதியில் நிற்கிறது. 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டம், முகவரி சரியாக எழுதி, தபால் கட்டணம் செலுத்தி, பதிவுத் தபாலில் அனுப்பியதை, மாறாக நிரூபிக்கப்படும்வரை, போய்ச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்கிறது. முகவரி சரியாக இருக்க வேண்டும் என்பது அங்கே முதல் நிபந்தனை. கம்பெனியாகப் பதிந்தவர்களுக்கு 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-வது பிரிவு, வியாபாரக் கடிதங்கள் எல்லாவற்றிலும் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் அச்சிட வேண்டும் என்கிறது. லெட்டர் ஹெட் என்ன சொல்ல வேண்டும் என்பது வெறும் அழகு பற்றிய கேள்வியாக இருந்தால் அதற்கு ஒரு சட்டப் பிரிவு தேவைப்பட்டிருக்காது.

சரக்கின் தரம் பற்றிய அந்தச் சண்டைக்குப் பிறகு நானும் தம்பி மகனும் உட்கார்ந்து ஒரு மாதிரிக் கடிதம் தயாரித்தோம். அவன் வழக்கம்போலத் தேதியை வலப்பக்கம் கொண்டுபோக ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே இருந்தான். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், அதனால் எண்ணித் தட்டினால் போதும். கம்ப்யூட்டரில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒவ்வோர் அகலம். எழுத்துருவை மாற்றினால் தேதி இடம்பெயர்ந்துவிடும். டேப் வைத்து நிறுத்தச் சொன்னேன். பெறுநர் முகவரியில் ஒவ்வொரு வரிக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுந்தது. 2007-லிருந்து வேர்டு தானாகவே ஒவ்வொரு என்டருக்குப் பிறகும் இடம் விடுகிறது. முகவரி வரிகளுக்கு ஷிப்டோடு என்டர் தட்டினால் வரிகள் சேர்ந்து நிற்கும். தமிழில் மேலே கொம்பும் சுழியும் கீழே வாலும் வருவதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடம் விட்டோம். கையெழுத்துக்கு நான்கு வரி இடம், அதன் கீழே பெயர், பதவி. முடித்ததும் பிடிஎஃப் ஆக்கி, தேதியும் எண்ணும் சேர்த்துப் பெயர் வைத்து, ஒரு தனி ஃபோல்டரில் போட்டோம். அனுப்புவது இன்றும் போனில்தான். மெசேஜில் பேச்சு நடக்கட்டும். பேசி முடித்ததைக் கடிதத்தில் எழுதி அதே நாளில் அனுப்பு என்று மட்டும் சொன்னேன். அவன் இப்போது அப்படியே செய்கிறான்.

தாள் போய்த் திரை வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. படிப்பவரின் நேரத்தை மதிப்பதும் சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்பதும் தாளோடு சேர்ந்து போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. கடித அமைப்பு என்று நாங்கள் படித்ததெல்லாம் இந்த இரண்டையும் பழக்கமாக்கும் வழிதான். ஆகவே படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஒரு வங்கிக்கோ, கம்பெனிக்கோ, அலுவலகத்துக்கோ எழுதும்போது, தாளானாலும் திரையானாலும், தேதி போடுங்கள். முந்தைய கடிதத்தின் எண்ணைக் குறிப்பிடுங்கள். பொருளை ஒரே வரியில் சொல்லுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். கையெழுத்தின் கீழே பெயரையும் பதவியையும் எழுதுங்கள். அனுப்பும் முன் ஒரு நகலைத் தேடினால் கிடைக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.